துண்டு 2758

வால்பராய்சோ கேட்டது இதுதான்:
ஒரு முறைப்பணிக்கு ஒரு கோப்பு.
என்னிடம் இருந்ததோ ஒரே கோப்பு.
ஒன்பது வருடம், நாளைக்கு மூன்று முறை,
முப்பத்தொன்பது மெகாபைட்.
புந்தா அரேனாஸ் கரை வானொலி
கேட்டதும் சொன்னதும்
மூச்சுவிடாமல் ஒரே நீளத்தில்.

பணிக்கு வருகிறவர் முதலில்
ஐந்து சமக்குறி தட்டுவார்.
அதன் கீழே பெயர், மணி, காற்று.
அவர்களுக்கு அது வழக்கம்.
எனக்கு அது வெட்டுவாய்.

சீஸ்பிளிட் என்றொரு கட்டளை.
பொத்தான் கிடையாது, படம் கிடையாது,
கறுப்புத் திரையில் ஒற்றை வரி.
இரண்டு சாய்கோட்டுக்கு நடுவே
எதைக் கண்டால் வெட்டவேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும்,
மீன்சந்தை எர்மெலிந்தா
வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே
விலாங்கு நறுக்குவதுபோல்
நறுக்கித் தள்ளிவிடும்.
ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்:
வெட்டின இடத்துக் கோடு
முடிந்த துண்டின் வாலில் ஒட்டாது.
அடுத்ததன் தலையில் போய் உட்காரும்.

கணக்கு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.
3,287 நாள், மும்மடங்கு:
9,861. எண்ணைக் கொடுத்து ஏவினேன்.
பைட் கணக்கு மழையாய் இறங்கியது.
கடைசியில் ஒரு முனகல்:
9844ஆம் சுற்றில் பொருத்தம் இல்லை.
அத்தோடு விட்டதா,
அதுவரை வெட்டிய அத்தனையையும்
தானே அழித்துவிட்டுப் போனது.
அரைகுறையைக் கையில் கொடுக்காத
ரோஷக்காரக் கருவி.

மறுமுறை எண் இருந்த இடத்தில் நட்சத்திரம்:
எத்தனை கிடைக்குமோ அத்தனை.

முதல் துண்டு 0000. சுழியம் பைட்.
முதல் கோட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை,
அந்த ஒன்றுமில்லாததற்கும்
ஒரு கோப்பு போட்டுத் தருகிறது.
பிறகு 3,918. 4,102. 3,877.
தேநீர் ஆறுகிறது. ஹீட்டர் சத்தம்.
4,015. 3,960.
71,306.

திறந்தேன்.
ஜூலை ஒன்பது, நள்ளிரவு, நவெல்கின்,
மேற்குக் காற்று நாற்பத்தைந்து நாட்.
எதுவினா என்ற நண்டுப் படகு, நான்கு பேர்,
00:20க்கு
இயந்திர அறையில் தண்ணீர் என்றிருக்கிறது.
00:26க்கு, பொறுங்கள்.
அதன்பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு வரி.
எதுவினா, எதுவினா, இங்கே புந்தா அரேனாஸ்.
பதில் இல்லை.

எட்டு மணிக்கு மன்சீயா வந்திருக்கிறார்.
பெயர் இருக்கிறது, மணி இருக்கிறது,
காற்றும் இருக்கிறது. கோடு இல்லை.
பதினாறு மணிக்கு ஃப்ரேசியா ஒஹேதா.
கோடு இல்லை.
பர்ரீயா, வுகாசொவிச், திரும்பவும் நவெல்கின்.
பேசிவைத்துக்கொண்டார்களா, தெரியாது.
பதிவில் அப்படியொரு சொல்லும் இல்லை.
ஆறு நாள், பதினெட்டு முறைப்பணி,
ஐந்து பேர்,
ஒருவர்கூட அந்த விசையைத்
தொடவில்லை.

பதினான்காம் தேதி 23:40.
தேடல் நிறுத்தம், மேலிட ஆணை.
23:41.
எதுவினா, எதுவினா.
அங்கே துண்டு தீர்ந்துவிடுகிறது.
ஐந்து சமக்குறி 2759இன் தலையில்.
பர்ரீயா. தென்மேற்கு. பனி.

வரி எண் கொடுத்தாலும் வெட்டும் இந்தக் கருவி.
எட்டு மணி, பதினாறு மணி, நள்ளிரவு,
பதினேழு இடம் குறித்தேன்.
பதினேழு எண்ணையும் தட்டினேன்.
வெளியே காற்று யாருடைய தகரத்தையோ
தெருநீளம் இழுத்துப்போனது.
போய்ப் பார்த்துவிட்டு வந்து
பின்னழிப்பு விசையை அழுத்தியபடி இருந்தேன்,
வரி காலியாகும்வரை.

துண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன்.
மூலக்கோப்பின் அளவேதான்.
ஒரு பைட் கூடவில்லை, குறையவில்லை.
வால்பராய்சோவுக்கு எழுதினேன்:
பதினேழு குறைவு. அது சரிதான். எர்சிலியா.

படிவம் ஒன்று திரும்பி வந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
கோடு போடப்படவில்லை என்று நிரப்பினேன்.
பக்கத்தில் இன்னொரு கட்டம்:
தவறியவர் பெயர்.
பதினைந்து எழுத்துக்குமேல் ஏற்காதாம்.
ஐந்து பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுப்பார்த்தேன்,
நவெல்கினிலிருந்து ஒருமுறை,
ஃப்ரேசியாவிலிருந்து ஒருமுறை.